பின்பிடிக்காரன் மூச்சு

மெஷினில் மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"கழட்டிருங்க," என்றார் ஜெபராணி சிஸ்டர்.

மொக்கராசு கழற்றவில்லை. நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொருக்கா பாருங்க சிஸ்டர். இப்ப ஒழுங்கா மூச்சு விடுறேன்."

"நீங்க ஒழுங்கா விட்டாப் பத்தாதுங்க. பாப்பா ஏத்துக்கணும். பாருங்க, எப்பிடித் திமிறுது."

கட்டிலில் கிடந்தது அவன் மகள் தன்ஷிகா. ஆறு வயது. வலது விலாவில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, ஒரு குழாய் உள்ளே போயிருந்தது. அதன் மறுமுனை கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் இருந்தது. பிள்ளை மூச்சு விடும்போது தண்ணீரில் குமிழ் வர வேண்டும். வரவில்லை. சிவந்த நீர் குழாயின் பாதியில் நின்று தத்தளித்தது.

முந்தின நாள் மத்தியானம் மொக்கராசுவின் மனைவி தவமணி அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிரானைட் குடோனுக்குப் போனபோது பிள்ளையும் கூடப் போனது. சுவரோரம் இரும்புச் சட்டத்தில் கல்பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு கல்துண்டு மினுங்கியது. தன்ஷிகா அதைப் பொறுக்கப் போனாள். பலகை சரிந்தது. மொக்கராசுவும் அவன் ஜோடி வீரணனும் பாய்ந்து தூக்கியதால் உயிர் தப்பியது. ஆனால் விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்திவிட்டது.

டிரைவர் இல்லாத லாரி வந்து வருஷக்கணக்காகிறது. கல்லை அறுப்பது, பாலீஷ் போடுவது எல்லாம் மெஷின். பலகையை இறக்க மட்டும் இன்னும் ஆள்தான். மெஷின் பிடித்தால் பலகையின் முனை உடைகிறது. மனுஷன் பிடித்தால் மனுஷன் உடைகிறான். முதலாளிக்கு இரண்டாவது தேவலை.

டாக்டர் ஷாஹினா வந்து மெஷினின் திரையைப் பார்த்தார். சின்ன வயசு. பேச்சில் அவசரம் இல்லை.

"நெஞ்சுக்குள்ள காத்தும் ரத்தமும் கசிஞ்சு நுரையீரல அமுக்கிட்டிருக்கு. அத வெளிய எடுக்கத்தான் குழாய். ஆனா குழாய் மட்டும் போதாது. பாப்பா நல்லா இழுத்து மூச்சு விடணும், இருமணும். அப்பத்தான் அமுங்குனது விரியும். வலிக்குதுன்னு மேலோட்டமா விடுது."

"மயக்க மருந்து குடுத்தா வலி தெரியாதுல்ல டாக்டரம்மா?" என்றாள் தவமணி.

"வலி தெரியாது. இருமவும் இருமாது. சளி கட்டிக்கும். அதுக்குத்தான் இந்த பெல்ட். பெரியவங்க யாராவது கட்டிக்கிட்டா, அவங்க மூச்சு எப்படிப் போகுதோ அப்படியே குழாயோட இழுப்பு கூடும், குறையும். குழந்தையோட நெஞ்சு அது பின்னாடியே போகும். ஆனா யார் பின்னாடி வேணாலும் போகாது. எந்த மூச்சு பக்கத்துல தூங்கிப் பழகியிருக்கோ, அது பின்னாடிதான் போகும். மத்ததுக்குத் திமிறும்."

"எம் மேலதான் தூங்கும்," என்றான் மொக்கராசு. "பொறந்ததுலருந்து. பாய்ல போட்டா அழுதுரும். என் நெஞ்சு மேல போட்டாத்தான் அடங்கும்."

டாக்டர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அது அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

தவமணி கட்டிப் பார்த்தாள். மஞ்சள் எரிந்து அணைந்தது. அவளுக்கு எட்டு மாதம். வயிறு மேலே முட்டிக்கொண்டிருந்தது. பாதி மூச்சுக்கு மேல் அவளால் இழுக்க முடியவில்லை.

"வேற யாரு இருக்காங்க? பாப்பா யாருகிட்ட ஒட்டிக்கும்?" என்று சிஸ்டர் கேட்டார். "ரெண்டு மூணு நாள்ல நுரையீரல் விரியலன்னா நெஞ்சத் தொறந்து ஆப்பரேஷன்தான். சின்ன ஒடம்பு. யோசிச்சுச் சொல்லுங்க."

வார்டு வாசலில் வீரணன் நின்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன், நேற்றிலிருந்து அங்கேதான் நிற்கிறான். சட்டையெல்லாம் கல்தூசி. உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை.

"அத்தான், நீங்க கட்டிப் பாருங்க," என்றாள் தவமணி, வாசலைப் பார்த்து.

வீரணன் மொக்கராசுவின் முகத்தைப் பார்த்தான். மொக்கராசு பெல்ட்டைத் தவமணியிடமிருந்து வாங்கி நீட்டினான்.

கட்டி முடிப்பதற்குள் பச்சை எரிந்தது.

பாட்டிலில் ஒரு குமிழ் வந்தது. பிறகு இரண்டு. பிறகு கஞ்சி கொதிக்கிற மாதிரி வரிசையாக வந்தன. பிள்ளையின் நெஞ்சு உயர்ந்தது, கொஞ்சம் நின்றது, மெல்ல இறங்கியது. அவள் இருமினாள். குழாயில் கட்டி ரத்தம் நகர்ந்து போனது. உதட்டில் நிறம் திரும்பியது.

"ஆத்தாடி," என்று தவமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மொக்கராசுவுக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. அது கன்னத்துக்கு இறங்கும்போதே வேறொன்றாக மாறிவிட்டது.

பலகை தூக்குவதில் ஜோடி முக்கியம். முன்னால் பிடிப்பவன் முன்பிடி. பின்னால் பிடிப்பவன் பின்பிடி. தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு பலகையை நிமிர்ந்த வாக்கில் தூக்கி நடப்பார்கள். முன்பிடிதான் கூப்பிடுவான். 'பிடி' என்றால் மூச்சை இழுக்க வேண்டும். 'நில்லு' என்றால் அடக்க வேண்டும். 'இறக்கு' என்றால் விட வேண்டும். இரண்டு மூச்சு இரண்டு விதமாகப் போனால் பலகை ஆடும். ஆடினால் ஒருத்தன் கால் போகும். மொக்கராசு முன்பிடி. வீரணன் அவனுக்குப் பின்பிடி. கல்யாணத்துக்கு முன்பிருந்து இதே ஜோடிதான்.

முன்பிடிக்காரன் பின்பிடிக்காரன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பிடரியில் அவன் மூச்சு படுவது மட்டும் தெரியும். இத்தனை வருஷமும் மொக்கராசு அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது நினைத்தான். நான் முன்னால் பார்த்துக்கொண்டே நடந்தேன். பின்னால் இருந்தவன் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தான்?

வீரணன் தவமணிக்குச் சொந்த அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை. அவன் அம்மா தட்டோடு வந்து பெண் கேட்டாள். தவமணியின் அப்பா கொடுக்கவில்லை. வீரணன் அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்கவில்லை. ஏன் என்று மொக்கராசு கேட்டதில்லை. கேட்காமல் விட்டது இப்போது முள்ளாகக் குத்தியது.

அந்த முறையால் பிள்ளை அவனைச் சித்தப்பா என்றது. ஊரில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அதற்குள்ளே ஓர் 'அப்பா' இருப்பது மொக்கராசுவுக்கு இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வீரணனைக் கட்டிலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகம் அசையக் கூடாது, அதிகம் பேசக் கூடாது. தூங்கலாம், பெல்ட் வேலை செய்யும். தவமணி அவன் கழுத்துக்குத் துண்டை மடித்து வைத்தாள். இட்லியைப் பிட்டுத் தட்டில் வைத்து மடியில் கொடுத்தாள். பிள்ளை அவன் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. மொக்கராசு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தான். தன் கழுத்துக்கு அவள் துண்டு மடித்து வைத்தது எப்போது என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தான் படுத்ததே இல்லை என்பதும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் வராந்தாக் குழாயில் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே வார்டு பெருக்குகிற குருவம்மா தவமணியிடம் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பெல்ட்டு கட்டியிருக்காரே, அவரு பாப்பாவுக்கு யாருத்தா?"

"சித்தப்பா."

"ஒன் வீட்டுக்காரரு கூடப் பொறந்தவரா?"

"இல்லக்கா. எங்க அத்தை மகன்."

விளக்குமாறு நின்றது. "ஓ... ஒனக்கு மொற மாப்பிள்ளையா இருந்தவரு."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லத்தா. மெஷினு பாரு, அப்பனுக்குச் செவப்பு காட்டுது, இவருக்குப் பச்ச காட்டுது. ரத்தத்துல என்ன இருக்கோ அதத்தான காட்டும்."

"ஓங் கூட்டுற வேலையப் பாருக்கா. எங்க ரத்தத்த டாக்டர் பாத்துக்கிருவாங்க."

குருவம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். மொக்கராசுவின் கையில் இருந்த சட்டி நிரம்பி வழிந்தது. குழாயை மூடவில்லை.

மறுநாள் காலையில் வீரணனுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தார்கள். இருவரும் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போனார்கள். குடோனில் செய்கிற பழக்கத்தில் வீரணனே இரண்டு டீ சொன்னான். மொக்கராசுவுக்குச் சர்க்கரை தூக்கலாக.

"எத்தன நாளா?" என்றான் மொக்கராசு.

"என்னாதுண்ணே?"

"எம் புள்ள ஒன் மேல தூங்குது."

வீரணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எம் மேலயா? ஒருக்காக்கூடத் தூங்குனதில்லண்ணே. ஒங்க வீட்டுக்கு வந்தா வாசல்ல நின்டு பேசிட்டுப் போயிருவேன். உள்ள வான்னு நீ கூப்புட்டாக்கூட வந்ததில்ல. ஒனக்குத் தெரியாதா?"

"அப்பறம் எப்பிடிடா பச்ச எரியுது?"

"எனக்கென்ன தெரியும்? எரியுதேன்னு இருக்கேன்."

"ஏன் உள்ள வரமாட்ட? மனசுல ஒண்ணும் இல்லாதவன் உள்ள வருவான்ல?"

வீரணன் டீயைக் குடித்தான். அதுவே பதில் மாதிரி மொக்கராசுவுக்குப் பட்டது.

"நீ குடோனுக்குக் கெளம்பு."

"புள்ள?"

"எம் புள்ளய நாம் பாத்துக்கிறேன்."

"தவமணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

மொக்கராசு அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். டீ சட்டையில் கொட்டியது. கடைக்காரர் "ஏப்பா, ஏப்பா" என்று எழுந்தார். வீரணன் கிளாஸை பெஞ்சில் வைத்தான்.

"அடிக்கணும்னா அடிச்சிருண்ணே. வார்டுக்குள்ள வெச்சு ஒண்ணும் பண்ணாத."

சொல்லிவிட்டு நடந்தான். எப்போதும் மொக்கராசுவுக்குப் பின்னால் நடக்கிறவன் முன்னால் நடந்து போனான்.

வார்டில் தவமணி இல்லை, மாத்திரை வாங்கப் போயிருந்தாள். சிஸ்டர் கோடிக் கட்டிலில் ஒரு பையனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். மொக்கராசு பெல்ட்டை எடுத்துக் கட்டினான். பட்டனை அமுக்கினான்.

"சித்தப்பா எங்கப்பா?" என்றது பிள்ளை.

"அப்பா இருக்கேன்ல."

"சித்தப்பா வரட்டும்."

"அப்பாதான்டா கண்ணு. அப்பா மேலதான தூங்குவ? தூங்கு. அப்பா பாரு, மூச்சு விடுறேன்."

சிவப்பு எரிந்தது. பெல்ட்டை இன்னும் இறுக்கினான். நெஞ்சை விரித்து இழுத்தான். இழுக்க இழுக்கப் பிள்ளையின் தோள் எதிர்ப்பக்கம் துள்ளியது. பாட்டிலில் குமிழ் நின்றது. மெஷின் கத்தத் தொடங்கியது. "நில்லு, நில்லு, இந்தா வந்துரும்," என்று அவன் விளக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது.

சிஸ்டர் ஓடி வந்து பெல்ட்டைப் பிய்த்தார். "அறிவிருக்கா ஒங்களுக்கு? எங்க அவரு? அவரக் கூப்புடுங்க!"

வாசலுக்கு வந்த தவமணி கட்டிலைப் பார்த்தாள், மொக்கராசுவைப் பார்த்தாள், கையில் இருந்த மாத்திரையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தபடி படிக்கட்டுக்கு ஓடினாள். "அத்தான்! அத்தான்!" என்று அவள் கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டது. வீரணன் எங்கேயும் போயிருக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, ஸ்ட்ரெச்சர் நிறுத்துகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மூன்று படி மூன்று படியாகத் தாவி வந்தான்.

பச்சை எரிந்தது. குமிழ் வந்தது.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் தவமணி வாய் திறந்தாள்.

"என்னா நெனச்சிட்டு இருக்க? கேக்கணும்னா வாயத் தொறந்து கேளு."

"அந்த மெஷினு..."

"அப்ப மெஷினக் கேளு. என்னக் கேட்ட, இந்த வயித்தோட எங்கய்யா வீட்டுக்குப் போயிருவேன். பெறகு செவப்பு, பச்ச எதுவும் ஒனக்கு வேண்டியதில்ல."

"நா ஒண்ணும் கேக்கல."

"நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு, கேக்கலயாம். எங்கய்யா அவருக்கு என்னயக் குடுக்கல, ஒனக்குத்தான் குடுத்தாரு. ஏன்னு தெரியுமா? நீ முன்பிடி, அவரு பின்பிடி. அம்புட்டுத்தான். ஒன் மொகரையப் பாத்து இல்ல." மூச்சு வாங்க நின்றாள். "அந்த மனுசன் ஒரு நாளு அதச் சொல்லிக் காட்டியிருப்பாரா? இன்னைக்கும் எம் புள்ளைக்கு மூச்சு விட்டுட்டு உக்காந்திருக்காரு. நீ உசுரெடுக்கப் பாத்த."

மொக்கராசு டாக்டரின் அறை வாசலில் வெகுநேரம் நின்றான். கூப்பிட்டதும் உள்ளே போய், உட்காராமல் கேட்டான்.

"அது ரத்தத்தப் பாக்குதா டாக்டரம்மா?"

"எது?"

"பெல்ட்டு. யாரு புள்ளன்னு காட்டுமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "உக்காருங்க மொக்கராசு. அதுக்கு ரத்தம் தெரியாது. மூச்சு மட்டுந்தான் தெரியும். இங்க பாருங்க."

திரையில் மூன்று கோடுகள் ஓடின.

"மேல இருக்கறது உங்க பாப்பா, நல்லாத் தூங்கும்போது. நடுவுல வீரணன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா? நீளமா இழுத்து, கொஞ்சம் நின்னு, மெதுவா விடறது. கீழ இருக்கறது நீங்க."

கீழே இருந்தது கோடு மாதிரியே இல்லை. நாய் கடித்த துணி மாதிரி இருந்தது.

"இப்படி நடுவுல நிறுத்தி மூச்சு விடறது எல்லாருக்கும் வராது. வீரணனுக்கு எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கும் கேள்வி. என்ன வேலை பாக்கறீங்க நீங்க ரெண்டு பேரும்?"

அவன் சொன்னான். பலகை, பட்டை, முன்பிடி, பின்பிடி. பிடி, நில்லு, இறக்கு.

"கூப்பிடறது யாரு?"

"நாந்தான்."

"உங்க மூச்சுக்கு அவர் மூச்ச விடணும். இல்லன்னா?"

"கால் போயிரும்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலருந்து."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இது உங்க மூச்சுதான் மொக்கராசு. பாப்பா உங்க மேல தூங்கி உங்க மூச்சப் பழகியிருக்கு. அவர் உங்க பின்னாடி நடந்து நடந்து அதே மூச்சப் பழகியிருக்காரு. பாப்பா போறது உங்க பின்னாடிதான். அது இப்ப உங்ககிட்ட இல்ல, அவர்கிட்ட இருக்கு."

"எங்கிட்ட ஏன் இல்ல?"

"பலகை விழுந்தத நீங்க பாத்தீங்க. அதுல பாதி போச்சு. மீதி எதுல போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

வெளியே வந்தபோது மொக்கராசுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். ஆனாலும் இருந்தது. எம் மூச்சு. எம் புள்ள. அவன் வெறும் குழாய், அந்த ரப்பர்க் குழாய் மாதிரி. அன்றைக்கு முழுவதும் வீரணனுக்கு அவனே டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு முதலாளி கூலிக்காரனுக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தான். வீரணன் வாங்கிக் குடித்தான்.

நுரையீரல் விரிந்தது. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருந்த இடம் நிரம்பியது. வெளியேற இனிக் காற்று இல்லாததால் பாட்டிலில் குமிழ் தானாகவே குறைந்து நின்றது. குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எடுக்கற நேரத்துல பாப்பா மூச்சு உள்ள இழுத்துடக் கூடாது. இழுத்தா ஓட்டை வழியா காத்து போய் மறுபடி அமுங்கிடும். நிறுத்திப் பிடிக்கணும். ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொன்னாப் புரியாது, பயத்துல இழுத்துடும். அதனால வீரணன், நீங்க நிறுத்தினா அதுவும் நிறுத்தும். முடியுமா?"

வீரணன் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். "முடியாது டாக்டரம்மா."

"ஏன்?"

"நானா நிறுத்துனா பிசிறிரும். யாராச்சும் கூப்புட்டாத்தான் எனக்கு நிக்கும்."

எல்லோரும் மொக்கராசுவைப் பார்த்தார்கள்.

அவன் கட்டிலுக்கு அருகே வந்தான். கால்மாட்டில் நின்று வீரணனைப் பார்த்தான். வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. எதிரே முகம் இருந்தது, அதுதான் தடுத்தது. அவன் திரும்பிக்கொண்டான். பிள்ளைக்கும் வீரணனுக்கும் முதுகைக் காட்டி, தோளில் பட்டை மாட்டியிருப்பவன் மாதிரி கொஞ்சம் குனிந்து நின்றான். எதிரே பச்சைத் திரைச்சீலை. பின்னால் பழகின மூச்சு. அது பிடரிக்கு வந்து சேர்ந்தது.

"பிடி," என்றான்.

பின்னால் காற்று உள்ளே போகிற சத்தம். ஒன்று கனமாக. அதற்குள்ளே ஒன்று சன்னமாக.

"நில்லு."

வார்டு நின்றது. சிஸ்டரின் கத்தரிக்கோல் தட்டில் உரசும் சத்தம் மட்டும். பிள்ளை முனகியது, ஆனால் இழுக்கவில்லை. மொக்கராசு கண்ணை மூடினான். சரிகிற பலகை வந்தது. திறந்துகொண்டான்.

"எடுத்தாச்சு," என்றார் டாக்டர். "பிளாஸ்திரி, சிஸ்டர். அழுத்திப் பிடிங்க."

"இறக்கு," என்றான் மொக்கராசு.

மூன்று மூச்சும் ஒன்றாக வெளியே வந்தன.

"அப்பா," என்றது பிள்ளை. "தூக்குற கல்லு எங்க?"

தவமணி சிரித்துவிட்டாள். பிறகு வீரணன் சிரித்தான். மொக்கராசு திரும்பாமலே நின்றான், முகத்தைக் காட்ட முடியாமல்.

அடுத்த நாள் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க அவன்தான் டாக்டர் அறைக்குப் போனான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

"பாப்பா நேத்து எம் மேலதான் தூங்குச்சு டாக்டரம்மா. கொஞ்ச நேரம் பொரண்டுச்சு. அப்பறம் அடங்கிருச்சு."

"நல்லது." டாக்டர் பெல்ட்டைச் சுருட்டினார். "வீரணனுக்கு வீட்ல யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல. அவுக அம்மா தவறிப் போயிருச்சு. ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. அவர் பெல்ட் கட்டிட்டுத் தூங்கினாரில்ல, அதப் பாத்தேன். மனுஷன் பகல்ல எப்படி வேணா மூச்சு விடலாம். ஓடறவன் ஒரு மாதிரி, பாடறவன் ஒரு மாதிரி. ஆழ்ந்து தூங்கிட்டா எல்லாருக்கும் அவங்கவங்க சொந்த மூச்சு வந்துடும், பிறந்ததுலருந்து இருக்கறது. நான் பாத்த வரைக்கும் எல்லாருக்கும் வந்திருக்கு."

"அவனுக்கு?"

"வரல. தூக்கத்துலயும் உங்களோடதுதான் ஓடுது." டாக்டர் பெல்ட்டை டப்பாவில் வைத்து மூடினார். "வியாதின்னு சொல்ல மாட்டேன். எதுவும் கெடுதல் இல்ல. சும்மா சொன்னேன்."

மொக்கராசு படிக்கட்டில் இறங்கினான். பாதியில் உட்கார்ந்துவிட்டான். அவனிடமிருந்து வீரணன் என்ன திருடினான் என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்ததெல்லாம் வேறு கணக்காக இருந்தது. பெண்ணை இவன் வாங்கினான். முன்பிடியை இவன் வைத்திருந்தான். மூச்சையும் இவன்தான் எடுத்திருந்தான், எடுத்தது தெரியாமலே. பொறாமைப்படுவதற்கு அந்த மனுஷனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அது தெரிந்த பிறகும் பொறாமை முழுதாகப் போகவில்லை. பிள்ளை பிடித்திருந்த சுண்டு விரல் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்த வாரமே குடோனுக்குத் திரும்பினார்கள். போகாமல் முடியாது. ஆளில்லாத லாரி ஒன்று வாசலில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. கறுப்புப் பலகை, புதுச் சரக்கு. வீரணன் வழக்கம்போலப் பின்பக்கம் போய்ப் பட்டையை மாட்டினான்.

"நீ முன்னால போ," என்றான் மொக்கராசு.

"என்னாண்ணே?"

"முன்பிடி பிடி. நான் பின்னால வாரேன்."

"வெளாடாதண்ணே. எனக்குக் கூப்புட வராது."

"வரும். போ."

வீரணன் சிரித்துப் பார்த்தான். மற்ற ஜோடிகள் வேடிக்கை பார்த்தன. "என்னாப்பா, மாப்பிள்ள ஊர்வலமா? சீக்கிரம் தூக்குங்கப்பா," என்று ஒருத்தன் கத்தினான். வீரணன் தயங்கித் தயங்கி முன்னால் போனான்.

மொக்கராசு முதன்முதலாக அந்தப் பிடரியைப் பார்த்தான். பட்டை அழுத்திய தழும்பு அவனுக்கு இருப்பது போலவே இருந்தது. முன்பாதி முடி நரைக்காமல் பின்பாதி நரைத்திருந்தது. இத்தனை வருஷம் வீரணன் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மாதிரி ஒரு கழுத்தைத்தான். வேறொன்றும் இங்கிருந்து தெரியவில்லை.

"கூப்புடு," என்றான்.

"இரு."

"கூப்புடுறா, லாரி நிக்குது."

"இருண்ணே, வருது."

மொக்கராசு காத்திருந்தான். தன் மூச்சுதான் முன்னாலிருந்து வரும் என்று நினைத்திருந்தான். அது வரவில்லை. வெகுநேரம் எதுவுமே வரவில்லை. பிறகு வீரணனின் தோள் உயர்ந்தது.

"பிடி."

இழுப்பு குட்டையாக, வேகமாக இருந்தது. நடுவில் நிற்கவில்லை. சின்னப் பையன் ஓடி வந்து விடுகிற மாதிரி இருந்தது. இப்படி ஒரு மூச்சை மொக்கராசு பிடரியில் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அவன் நெஞ்சு அதைத் தவறவிட்டது. பலகை ஆடியது, பட்டை தோளை அறுத்தது, கால் வழுக்கப் பார்த்தது.

"அண்ணே!" என்றான் வீரணன், திரும்ப முடியாமல்.

"போடா, போ. வாரேன்."

அடுத்த மூச்சை மொக்கராசு காது கொடுத்துக் கேட்டான். கேட்டு, அதே அளவுக்கு இழுத்து, அதன் பின்னாலேயே கால் எடுத்து வைத்தான்.